பாறைக்கு எந்தப் பக்கம் படகு

"சாப்பிடற கை எது?"

எக்ஸ்ரே அறைக்குள் யார் வந்தாலும் அவள் முதலில் கேட்டது இதைத்தான். வலது, இடது என்று கேட்டால் வலியில் இருக்கிறவர்களுக்குக் குழம்பிவிடும், சாப்பிடுகிற கை யாருக்கும் குழம்பாது என்பது அவள் கட்சி. கேட்டதும் ஒரு கை தானாக எழும். அந்தப் பக்கம், 'ரைட்' என்பதற்கு ஈயத்தில் செய்த குட்டி ஆங்கில 'ஆர்' எழுத்தை வைத்து பிளாஸ்திரி ஒட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை. படம் கழுவி வந்த பிறகு அந்த எழுத்து ஓரத்தில் வெள்ளையாகத் தெரியும். எழுத்து நேராக இருந்தால் படத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறோம். திரும்பியிருந்தால் பின்பக்கமாகப் பிடித்திருக்கிறோம். எங்கள் தொழிலில் பாதி இதுதான்.

"இடது கையால சாப்பிடறவங்க வந்தா இன்னா பண்ணுவ?" என்று ஒருநாள் மடக்கினேன்.

"அவங்க கைய தூக்கறதுக்கு முன்னாடியே 'நான் லெப்ட்டு'னு சொல்லிடுவாங்க. சின்ன வயசுல இருந்து அதுக்கு அடி வாங்கினவங்க ஆச்சே," என்றாள்.

பதினேழு பதினெட்டு வருடம் இருக்கும். செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சந்தில் இருந்த சின்ன ஸ்கேன் சென்டரில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அவள் படம் எடுப்பாள். நான் இருட்டறையில் நின்று கழுவுவேன். அவள் கோவளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். நான் படாளத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் வருவேன். என்னைவிடத் தூரத்திலிருந்து வந்தாலும் ஷட்டரைத் தூக்கி வைத்திருப்பது எப்போதும் அவள்தான். இப்போது அந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை. நான் வேறொரு இடத்தில் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இருட்டறை என்று ஒன்று இருந்ததைச் சொன்னால் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதுகிற உரிமையை நானே தொலைத்தேன். எப்படித் தொலைத்தேன் என்பதையும் சொல்லத்தான் போகிறேன்.

ஒல்லியான ஆள். கழுத்தில் ஒரு வெள்ளிச் சிலுவை. எக்ஸ்ரே அறைக்குள் நுழையும்போது அதைக் கழற்றி ஆணியில் மாட்டுவாள், சாயங்காலம் எடுத்துப் போட்டுக்கொள்வாள். சிரித்தால் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். விரல் நகங்களின் ஓரத்தில் எப்போதும் கறுப்பு மை ஒட்டியிருக்கும். பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது. ஒன்றை ஒருமுறை சொல்வாள். கேட்டவருக்குப் புரியவில்லை என்றால் மறுபடி சொல்ல மாட்டாள், அவராகப் புரிந்துகொள்ளும் வரை நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அது பயமாகவும் பிடித்தும் இருந்தது.

ஒருமுறை திருக்கழுக்குன்றத்திலிருந்து வந்த ஒரு லோடுமேனுக்கு நெஞ்சுப் படம் எடுத்தோம். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த இளம் டாக்டர் ஒருவர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார், முகம் மாறியது. இதயம் வலப்பக்கத்தில் இருக்கிறது, லட்சத்தில் ஒருவருக்குத்தான் இப்படி என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அந்த ஆளின் மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, இருவது வருசமா தப்பான பக்கம் வச்சிகினா மூட்ட தூக்கிச்சி இந்த ஆளு" என்று அவள் அழுதது வெளியே டீக்கடை வரைக்கும் கேட்டது.

இவள் உள்ளே போனாள். லோடுமேனைக் கூப்பிட்டு, "அண்ணாத்த, நெஞ்சுல கைய வையி. எங்க துடிக்குது?" என்றாள். அவர் இடப்பக்கம் கை வைத்தார். அதன் பிறகு பெட்டியிலிருந்த படத்தை எடுத்துத் திருப்பி மாட்டினாள். ஓரத்து எழுத்து நேரானது. இதயமும் இடத்துக்கு வந்தது. "ஆர் திரும்பிகினு இருந்திச்சி சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். டாக்டர் நல்ல மனிதர், காதுவரை சிவந்து போனார். அன்றிலிருந்து எந்தப் படத்தைக் கையில் வாங்கினாலும் முதலில் ஓரத்தைத்தான் பார்ப்பார்.

அந்த நகத்து மை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிய இரண்டு மாதம் ஆனது. ஈரப் படங்களை உலர்த்த எங்களிடம் ஒரு சூட்டு அலமாரி இருந்தது. ஒருநாள் மத்தியானம் திறந்தால், படங்களுக்குக் கீழே நோட்டுப் புத்தக அளவில் பழுப்பாக ஒரு தகடு. ஆளி விதை எண்ணெய் வாசனை குப்பென்று அடித்தது.

"எடுக்காத. இளகிகினு கீது," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அதுதான் லினோ. அந்தக் காலத்துக் கட்டடங்களில் தரைக்கு விரித்த சமாச்சாரம். சூடு காட்டினால் மெத்தென்று ஆகிவிடும், சின்ன வளைந்த உளியால் கோடு கோடாக வெட்டி எடுக்கலாம். வெட்டி எடுத்த இடம் காகிதத்தில் வெள்ளையாக விழும். விட்டுவைத்த இடத்தில் மை ஒட்டிக் கறுப்பாக விழும். சென்னையில் டிப்ளமோ படித்தபோது ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரி ஓவியம் படித்தவளாம். அவள் போகும்போது விட்டுச் சென்ற மூன்று உளிகளும் ஒரு ரோலரும்தான் இவள் சொத்து.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு கடற்கரையில் உட்கார்ந்துவிடுவாள். கோவளம், கோவளத்துக்குத் தெற்கே, மாமல்லபுரம் வரைக்கும் அவள் உட்காராத மணல் இல்லை. முக்கியமான கோடுகளை அங்கேயே வெட்டுவாள். வானத்தையும் மணலையும் சுரண்டி எடுக்கிற வேலையை எங்கள் சாப்பாட்டு இடைவேளையில் பார்ப்பாள். மை தடவி, மேலே காகிதம் விரித்து, கரண்டி முதுகால் தேய்த்துத் தேய்த்து எடுப்பது வீட்டில். நல்ல கரண்டியெல்லாம் கறுப்பாகி அவள் அம்மா சண்டை போட்டு, கடைசியில் ஒரு எவர்சில்வர் கரண்டியை அவளுக்கென்றே தனியாக ஒதுக்கிவிட்டாராம்.

படங்களில் ஆட்கள் இருக்க மாட்டார்கள். வரிசையாகப் படகுகள், காய்கிற வலை, சவுக்குத் தோப்பு, பாறை, கலங்கரை விளக்கம். அலையை அவள் வெட்டுகிற விதம் தனி. வளைத்து வளைத்து வெட்ட மாட்டாள், குட்டிக் குட்டியாக நேர்க்கோடுகள் மட்டும். அரிசி இறைத்த மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்தால் அது அசையும். அப்படி அசைந்த கடலை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

ஆனால் எல்லாப் படத்திலும் ஒரு வில்லங்கம் உண்டு. எல்லாமே இடம் வலமாக மாறியிருக்கும். அச்சு என்றாலே அப்படித்தான், பலகையில் இருப்பது காகிதத்தில் திரும்பி விழும். மற்றவர்கள் அதற்காகத்தான் முதலிலேயே திருப்பி வரைந்து வெட்டுவார்கள், காகிதத்தில் நேராக விழும். இவள் செய்ய மாட்டாள். கண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ அப்படியே வெட்டுவாள். வெட்டி முடித்து மூலையில் ஒரு குட்டி 'ஆர்' எழுத்தை நேராக வெட்டி வைப்பாள். அச்சில் அந்த எழுத்தும் திரும்பி விழும், தன் காலை வேறு பக்கம் நீட்டிக்கொண்டு.

எனக்கு இது பொறுக்கவில்லை. "கழுவின பழைய பிலிம் எவ்ளோ கீது. அதுல வரைஞ்சி கவுத்துப் போட்டு வெட்டினா நேரா வந்துடும். ஒரு நிமிச வேல," என்றேன்.

"தெரியும்."

"அப்புறம் இன்னா?"

"நான் உக்காந்த எடத்துல இருந்து இன்னா தெரிஞ்சிதோ அத்த வெட்டினேன். பேப்பருக்குப் போறப்போ திரும்பிக்குது, அது பேப்பரு பாடு. நான் ஒளிக்கலியே, ஆர் போட்டுட்டேன் இல்ல. பாக்கறவங்க திருப்பிப் பாத்துக்கட்டும்."

இதுதான் அவள். உள்ளதைச் சொல்லியாயிற்று, எந்தப் பக்கம் என்று அடையாளமும் போட்டாயிற்று, மிச்சம் உன் வேலை. எதிரே இருப்பவருக்கு அவ்வளவு யோக்கியதை உண்டு என்று நம்பினாள். அந்த நம்பிக்கைக்கு எவ்வளவு அடி விழுந்தாலும் அவள் திருந்தவில்லை.

எங்கள் வரவேற்பறையில் அவள் படம் ஒன்றை மாட்டியிருந்தோம், மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில். மணிக்கட்டு பிசகி வந்த ஒரு ரிசார்ட் மேனேஜர் வலியை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா அறைக்கும் இதே மாதிரி வேண்டும் என்றார். அவள் சரியென்று தலையசைத்தாள். நாலு நாள் கழித்து, கட்டுப் போட்ட கையோடு மறுபடி வந்தார்.

"மேடம், படம் சூப்பரா கீது. ஆனா பெரிய கோபுரமும் சின்ன கோபுரமும் எடம் மாறிகினு கீது. கெஸ்ட்டுங்க அங்க போய் ஃபோட்டோ எடுத்துகினு வந்து பக்கத்துல வச்சிப் பாத்தா உல்ட்டாவா தெரியுமே."

"ஃபோட்டோவ கண்ணாடியில காட்டிப் பாக்கச் சொல்லுங்க. சரியாப்பூடும்," என்றாள்.

"வெளையாடாதீங்க மேடம். திருப்பிப் பண்ணிக் குடுங்க."

"நான் பாத்தத வெட்டிட்டேன் சார். இன்னொரு தபா பாக்காத மாதிரி வெட்ட வராது."

அவர் போய்விட்டார். நானும் விடாமல் திட்டினேன், இப்படியா வாய்ப்பை உதறுவது என்று. அவள் தோள் குலுங்கியது. நல்ல கையால் கதவைத் திறக்கத் தெரியாமல் கட்டுப் போட்ட கையால் தள்ளிக்கொண்டு போனார் பார்த்தாயா, என்றாள்.

அந்தப் படங்கள் நேராகத் தெரிந்த ஒரே ஆள் அவள் அப்பா. கோவளத்தில் மீன்பிடிக்கிறவர். அவர் சொன்னதாக அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதல் படத்தைக் காட்டியபோது கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம படவுல இருந்து பாக்கறது இல்ல?" என்றாராம். யோசித்தால் சரிதான். நாம் கரையில் நின்று கடலைப் பார்க்கிறோம், நமக்கு வடக்கு இடக்கைப் பக்கம். அவர் கடலில் நின்று கரையைப் பார்க்கிறவர், அவருக்கு வடக்கு வலக்கைப் பக்கம். மாறி விழுந்த படம் அவருக்குத் தினமும் பார்க்கிற காட்சியின் வரிசையில் இருந்தது. பாறைக்கு எந்தப் பக்கம் தோப்பு, தோப்புக்கு எந்தப் பக்கம் மாதா கோயில் என்று பார்த்துத்தான் அவர்கள் கடலில் இடம் கண்டுபிடிக்கிறார்கள். "எங்க அப்பா மட்டும்தான் திருப்பிக் குடுனு கேக்கல," என்று அவள் பெருமையாகச் சொன்னாள். அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. பார்த்திருக்க வேண்டியவன்.

மத்தியானம் சேர்ந்து சாப்பிட்டோம். வறுத்த நெத்திலியை அவள் டப்பாவின் மூடியில் கொட்டி என் பக்கம் தள்ளுவாள். எங்கள் வீட்டில் ஆடு, கோழிதான். மீன் எப்போதாவது, அதுவும் ஏரி மீன். நெத்திலியை நான் முள்ளோடு மென்று தின்பதைப் பார்த்து, "நீ எங்க தெருவுல பொறந்திருக்க வேண்டியவன்" என்றாள். அதைக் கேட்டு அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இருட்டறையின் சிவப்பு விளக்கில் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். இதெல்லாம் இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

கேட்டது அவள்தான். சுற்றிவளைக்கவில்லை. "உங்க வூட்டுல பேசுவியா?"

"பேசறேன்," என்றேன்.

எட்டு மாதம் இதே பதில். பொங்கல் முடியட்டும் என்றேன், அறுப்பு முடியட்டும் என்றேன். கடைசியில் ஒருநாள் என் அண்ணனிடம் வாயைத் திறந்தேன். டிராக்டருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். நான் பாதி சொல்வதற்குள் அவன் மீதியைச் சொல்லிவிட்டான்.

"கடலோரத்துப் பொண்ணா? வேற சாமி, வேற ஆளுங்க. அம்மா தாங்காதுடா. வூடு பூரா மீன் வாசன வேற."

அவன் கத்தவில்லை, மிரட்டவில்லை. எண்ணெய் டின்னை மூடிவிட்டுப் போய்விட்டான். அந்த மீனைத் தினமும் மத்தியானம் வழித்துத் தின்கிற நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளிடம், "பேசிகினு கீறேன்" என்று சொன்னேன்.

அதற்குள் அவள் வீட்டுக்கு நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. படகு இன்ஜின் மெக்கானிக். அவள் அப்பாவிடம் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டாள், ஒளிக்காமல். அவர் யோசித்துவிட்டு, "வூட்டுக்கு வந்தா தெருவே வேடிக்க பாக்கும். கடலாண்ட வரச் சொல்லு. ஒரு தபா மூஞ்சப் பாத்துப் பேசிடறேன். அப்புறம் அவங்களுக்கு வேணாம்னு சொல்லி அனுப்பிடலாம்," என்றாராம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. மெக்கானிக் வீட்டுக்குத் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை என் கையில் ஒரு படத்தைக் கொடுத்தாள், மை இன்னும் சரியாகக் காயாதது. "இதான் அட்ரஸு. படவுக்குப் பக்கத்துல உக்காந்துகினு இருப்போம். போன் எடுத்துகினு வர மாட்டேன், தெரியும் இல்ல?" கடற்கரைக்குப் போகிற நாளில் அவள் போனைத் தொட மாட்டாள். எனக்கு அது தெரியும்.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஓர் இடம். ஈ.சி.ஆர் சாலையிலிருந்து சவுக்குத் தோப்பு வழியாகக் கடலுக்கு இறங்க வேண்டும். தோப்பு முடிகிற இடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பாறை வரிசை, மணலிலிருந்து கடலுக்குள் நீண்டு கிடக்கும். ஒரு பக்கம் நிற்பவருக்கு மறுபக்கம் தெரியாது. படத்தில் பாறைக்கு வலப்பக்கம் ஒரு உடைந்த ஃபைபர் படகு கவிழ்ந்து கிடந்தது. நான் வலப்பக்கப் பாதையில் இறங்கினேன்.

அங்கே படகு இல்லை. ஒரு நாயும் நிறைய மணலும்தான் இருந்தன.

இந்தக் கதையை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். டீக்கடையில் சொல்லியிருக்கிறேன், என் மனைவியிடமே சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். எக்ஸ்ரேக்காரன் ஒருத்தன் ஓரத்து எழுத்தைப் பார்க்காமல் தப்பான பக்கம் போய் உட்கார்ந்து ஒரு கல்யாணத்தையே கோட்டை விட்டான் என்று. கேட்டவர்கள் எல்லாம் அடப்பாவமே என்றார்கள். அது பொய்.

படகு இல்லை என்றதும் படத்தைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். மூலையில் எழுத்து திரும்பியிருந்தது. ஒரு நாளைக்கு நாற்பது படத்தை அந்த எழுத்தைப் பார்த்தே திருப்புகிற கை என்னுடையது. உடனே புரிந்தது. படகு இடப்பக்கம். அவளும் அவள் அப்பாவும் பாறைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். நாலு மணி ஐந்து நிமிடம். தோப்பு வரை திரும்பிப் போய் மற்ற பாதையில் இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் மணலில் உட்கார்ந்தேன்.

எழுந்து போனால் அந்த மனிதர் என் முகத்தைப் பார்ப்பார், உங்க வூட்டுல இன்னா சொன்னாங்க என்று கேட்பார். எனக்குப் பதில் இல்லை. போகாமல் இருந்தாலோ, காரணம் கையிலேயே இருக்கிறது, அவளே வெட்டிக் கொடுத்த காரணம். நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கின மாதிரி ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. ஆறு மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டு, மாமல்லபுரம் வந்து செங்கல்பட்டு பஸ் பிடித்தேன்.

திங்கட்கிழமை ஷட்டரை நான் தூக்க வேண்டியதாயிற்று. அவள் தாமதமாக வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"வரலியே நீ."

"வந்தேன். படத்துல வலதுபக்கம் இருந்திச்சேன்னு வலதுபக்கம் போயிட்டேன். ஆறு மணி வரைக்கும் உக்காந்துகினு இருந்தேன். திருப்பிப் பாக்கணும்னு தோணல," என்றேன்.

நீயா, உனக்கா தெரியாது என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவள் படத்தைக் கேட்டு வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு அதை என் கையிலேயே கொடுத்துவிட்டு, தலையில் லேசாக அடித்துக்கொண்டாள்.

"எம்மேலதான் தப்பு. வழி சொல்ற படத்த நான் திருப்பி வெட்டியிருக்கணும். வர்றவன் போறவன எல்லாம் சாப்பிடற கை எதுனு கேக்கறேன். உன்ன கேக்கல பாரு."

என் பொய்யை அவள் அப்படியே எடுத்துத் தன் தப்பாக ஆக்கிக்கொண்டாள். நான் இருட்டறைக்குள் போய் அடுத்த படத்தைக் கழுவினேன். அப்பாவிடம் பேசிவிட்டு மறுநாள் வந்து, அவர் மெக்கானிக் வீட்டாரிடம் ஒரு வாரம் தவணை கேட்டிருக்கிறார், வருகிற ஞாயிறு அதே இடத்துக்கு வரச் சொன்னார் என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், சிலுவையை ஆணியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டபின், ஒரு எக்ஸ்ரே உறையை என்னிடம் நீட்டினாள். உள்ளே அதே பாறை, அதே படகு. படகு பாறைக்கு இடப்பக்கம் இருந்தது. மூலையில் 'ஆர்' எழுத்து நேராக நின்றது. கழுவின பிலிமில் வரைந்து, கவிழ்த்துப் போட்டு வெட்டியிருக்கிறாள், நான் சொன்ன அந்த ஒரு நிமிட வேலை. ரிசார்ட்காரருக்குச் செய்யாததை எனக்குச் செய்திருந்தாள். கடலில் அதே நேர்க்கோடுகள், ஆனால் கை பழக்கமில்லாத பக்கம் போனதில் அங்கங்கே உளி வழுக்கியிருந்தது. அவள் ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது.

"இந்தத் தபா தப்பு வராது," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சட்டை இஸ்திரி போட்டு, தலை வாரி, படாளம் ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். உறை மடியில் இருந்தது. பாசஞ்சர் வந்தது, நின்றது, போனது. எழுந்து வீட்டுக்குப் போனேன். அம்மா, சீக்கிரம் வந்துட்டியேடா என்று சோறு போட்டார். சாப்பிட்டேன். சாப்பிடுகிற கையால்தான்.

மறுநாள் நான் போனபோது ஷட்டர் தூக்கியிருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. இந்த முறை நான் சொல்வதற்கும் ஒன்றும் இல்லை. இரண்டு மாதம் அதே இடத்தில் வேலை பார்த்தோம். அவள் எடுத்துக் கொடுத்தாள், நான் கழுவிக் கொடுத்தேன். கதவிடுக்கில், "சாப்பிடற கை எது?" என்று மற்றவர்களைக் கேட்கிற குரல் மட்டும் எனக்கு வந்துகொண்டிருந்தது. கடைசி நாள் அவள் அம்மா வறுத்துக் கொடுத்த நெத்திலியை எல்லாருக்கும் பங்கு வைத்தாள். எனக்கும் சரிபங்கு வந்தது, ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. போகும்போது, "வரட்டா?" என்றாள். நான் "ம்" என்றேன்.

நாகப்பட்டினம் பக்கம் இருக்கிறாள் என்று ஒருமுறை கேள்விப்பட்டேன். அதற்கு மேல் விசாரிக்கவில்லை. அந்தக் கடலை அவள் எப்படி வெட்டுகிறாள், வெட்டுகிறாளா, மூலையில் இன்னும் எழுத்துப் போடுகிறாளா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. பேசக்கூட வேண்டாம், அவள் புதிதாக எடுத்த ஒரு அச்சைப் பார்த்தால் போதும் என்றிருக்கிறது. இந்த ஆசைக்கு வயதாகவே மாட்டேன் என்கிறது.

இப்போதைய மெஷின் தானே எழுத்துப் போட்டுவிடுகிறது. ஆனாலும் நான் உள்ளே வருகிறவர்களை, சாப்பிடுகிற கை எது என்று கேட்கிறேன். கூட வேலை செய்கிற பிள்ளைகள் இதைச் சொல்லிக் காட்டிச் சிரிக்கிறார்கள். போன வருடம் ஒரு வேலையாக மாமல்லபுரம் போனவன் அந்த இடத்தில் இறங்கினேன். தோப்பில் பாதி இல்லை, ஒரு காம்பவுண்டுச் சுவர் வந்திருக்கிறது. பாறை இருக்கிறது. இடப்பக்கப் பாதையில் நடந்து பார்த்தேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

முதல் படத்தைக் கண்ணாடி போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள், எங்கேயோ பார்த்த இடம் மாதிரி இருக்கிறதே, எது என்று தெரியவில்லையே என்பார்கள். என் மனைவி சிரித்துக்கொண்டே அந்தப் பழைய கதையைச் சொல்வாள், எழுத்தைப் பார்க்காமல் போனவனின் கதையை. நானும் கூடச் சிரிப்பேன். இரண்டாவது படம் பீரோவில் எக்ஸ்ரே உறைக்குள்ளேயே இருக்கிறது. இதுவரை யாருக்கும் காட்டவில்லை. அதில் எல்லாம் சரியான பக்கத்தில் இருக்கிறது. வழி கேட்கவே வேண்டாம்.